வயலின் எங்கே போனது?

சிவபிரகாஷ் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு சின்ன டேப்லெட் வாங்கிவந்ததும், அதைப் பார்த்து அவர் மனைவி கோகிலவாணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் சென்ற வாரக் கதை. டேப்லெட் மேலிருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி ஆண்டி விஷயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்த வாரம்தான் நம்மோடு வண்டி ஏறுகிறவர்களுக்காக ஆண்டி விஷயத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் போர்வெல் ரிக் வண்டி ஓட்டுகிற குடும்பங்களில் இவர்களுடையதும் ஒன்று. அண்ணன் குருமூர்த்தி வண்டிக்கு முதலாளி. தம்பி சிவபிரகாஷ் டிரில்லர், அதாவது லீவரைப் பிடிக்கிறவர். அவருக்கு இடது பக்கம் நின்று, லீவரை இழுத்தால் சுழன்று இறங்குகிற இரும்பு ராடுகளை ஒவ்வொன்றாக மாட்டுகிறவர் ஆண்டி. வலது பக்கம் நிற்பது கம்ப்ரஸர் வண்டி. அது கத்துகிற கத்தலில் பக்கத்துத் தோட்டத்து மாடெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்.

இவர்கள் வண்டியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ராடு மாட்டக் கையை உள்ளே விடுகிற ஆள் "கை!" என்று கத்த வேண்டும். அதே ஆள் "சரி!" என்று மறுபடி கத்துகிற வரைக்கும் டிரில்லர் லீவரைத் தொடக்கூடாது. போன சீசனில் சத்தீஸ்கரில் ஒரு தோட்டத்தில், ஆண்டியின் கை உள்ளே இருக்கும்போதே லீவர் இழுபட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

கத்தினேன் என்றார் ஆண்டி. கத்தவே இல்லை என்றார் சிவபிரகாஷ். மற்ற ஆட்கள் டீசல் பிடிக்கப் போயிருந்ததால் சாட்சி சொல்ல யாரும் இல்லை. இரண்டு பேருமே பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் என்பதுதான் கோகிலவாணியைத் தூங்கவிடாமல் செய்தது. புருஷனை நம்பினால் ஆண்டி பொய்யர், ஆண்டியை நம்பினால் புருஷன் பொய்யர். எந்தப் பக்கம் திரும்பினாலும் மனசு ஒப்பவில்லை.

மழைக்காலம் முடிந்து நாளைக்கு வண்டி கிளம்புகிறது. இந்த நேரம் பார்த்து ஆட்கள் முரண்டு பிடிக்கிறார்கள். கத்தியும் லீவரை இழுக்கிற டிரில்லரிடம் கையைக் கொடுக்க எவன் வருவான்? ஆண்டியே வந்து ஒரு வார்த்தை தெளிவாகச் சொன்னால்தான் ஏறுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இன்று சாயங்காலம் ஆண்டியைத் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார் குருமூர்த்தி.

வீட்டில் இத்தனை பெரிய விஷயம் நடந்துகொண்டிருக்க, காலையில் நம் சிவபிரகாஷின் கவலை என்ன தெரியுமா? வயலின்!

"ஏ, கோகிலா! இந்தப் பாட்டுல மொதல்ல ஒரு வயலின் வருமில்ல?"

கோகிலவாணி தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் டேப்லெட். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு. சிம் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது, பாட்டைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. அதன் வாலில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குட்டிப் பெட்டி. அதிலிருந்து வயர் கிளம்பி, தலையில் மாட்டியிருந்த பெரிய ஹெட்போனுக்குப் போனது. அந்தக் குட்டிப் பெட்டிதான் பாட்டைச் சுத்தமாக வடிகட்டிக் கொடுக்குமாம். சேலம் அஸ்தம்பட்டிக் கடையில் தோமினிக் அப்படித்தான் சொல்லி விற்றிருந்தார்.

"வருமே. வயலின்ல ஆரம்பிச்சு அப்புறம் அந்தம்மா பாடும்."

"அந்தம்மா பாடுது. வயலினக் காணோம்!"

"காணாமப் போறதுக்கு அது என்னங்க, ஆட்டுக்குட்டியா?"

"சிரிக்காத. உசந்த குவாலிட்டின்னு போட்டிருக்கு. மாசா மாசம் அந்தப் பாட்டு ஆப்புக்கு வேற தனியாக் கட்டறோம். இதுல வயலினே இல்லீன்னா என்ன அர்த்தம்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காட்டுக்குள் ரிக் நிற்கிற இடத்தில் சிக்னல் கிடைக்காது. அதனால் கிளம்புவதற்குள் வீட்டு வைஃபையில் நூற்றுக்கணக்கான பாட்டுகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். அத்தனையும் குறையோடு இறங்கியிருந்தால் நான்கு மாதம் அந்தக் காட்டில் மனுஷன் என்ன செய்வார்?

தோமினிக்குக்கு போன் போட்டார். வழக்கம்போல வலது காதில்தான் வைத்தார். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார், அதில் என்ன இருக்கிறது என்று கோகிலவாணியும் இதுவரை யோசித்ததில்லை.

"செட்டிங்ல லெஃப்ட் ரைட் பேலன்ஸ் நடுவுல இருக்கான்னு பாருங்கண்ணே" என்றார் தோமினிக்.

"நடுவுலதான் நிக்குது."

"அப்ப ஹெட்போனத் திருப்பி மாட்டிப் பாருங்க. வலது பக்கம் இடது காதுக்கு வர்ற மாதிரி."

சிவபிரகாஷ் திருப்பி மாட்டினார். முகம் மலர்ந்தது. "வந்துருச்சு, வயலின் வந்துருச்சு!" அடுத்த நொடியே முகம் சுருங்கியது. "அட, இப்ப அந்தம்மாவக் காணோமப்பா!"

தோமினிக் குழம்பிப்போனார். கடையில் கஸ்டமர் காத்திருக்கிறார், பெட்டியையே கொண்டுவாங்க பார்த்துவிடலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆனால் சிவபிரகாஷ் விடுகிற ஆளா? வாழ்நாளெல்லாம் ஏர் பிரஷரோடு மல்லுக்கட்டியவர். ஆழம் கூடக் கூட கம்ப்ரஸர் திணறும், ஒரு லைனில் காற்றைத் திறந்தால் இன்னொரு லைனில் இறங்கிவிடும். அவருக்குத் தெரிந்த உலகம் அது. டேப்லெட்டையும் அந்த உலகத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"புரிஞ்சுபோச்சு கோகிலா. இதுக்குப் பிரஷர் பத்தல."

"எதுக்குங்க?"

"இந்தப் பொட்டிக்கு. பாட்டு ஒசந்த குவாலிட்டி. பெரிய லோடு. ரெண்டு பக்கமும் ஒண்ணாத் தள்ள இதால முடியல. வயலினத் தள்ளுனா அந்தம்மா நின்னு போகுது. அந்தம்மாவத் தள்ளுனா வயலின் நின்னு போகுது."

சொன்ன கையோடு குவாலிட்டியைக் குறைத்துப் பார்த்தார். வயலின் வரவில்லை. சார்ஜ் ஏற்றிப் பார்த்தார். வயரை உருவிப் பழைய வயரைச் செருகினார். குட்டிப் பெட்டியைக் கழற்றி ஊதினார், வேட்டி நுனியால் துடைத்தார். கடைசியில் டேப்லெட்டைத் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். வயலின் வந்த பாடில்லை.

"இங்க குடுங்க" என்று கோகிலவாணி வாங்கி மாட்டிக்கொண்டாள்.

கண்ணை மூடினாள். இடது பக்கம் வயலின் வந்தது. வில் கம்பியில் உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. வலது பக்கம் அந்தம்மா பாடுவதற்கு முன்னால் மூச்சு இழுப்பது கேட்டது. இத்தனை வருஷம் ரேடியோவிலும் பஸ்ஸிலும் கேட்ட பாட்டுக்குள் இவ்வளவு இருந்ததா? வாங்கினதுக்கு இவர்மேல் கோபப்பட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

"ரெண்டும் வருதுங்க."

"பொய் சொல்லாத."

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? ரெண்டும் நல்லா வருது."

"இரு, இரு." வாங்கி அவர் மாட்டினார். "இல்லீயே! அந்தம்மா மட்டுந்தான் பாடுது. இது என்ன கூத்துடா சாமி, உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணா காட்டுது? புதுசா ஏதோ ஆள் பாத்து வேல செய்யற மாதிரி பண்ணிப்போட்டானுங்களா?"

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். தோசை தீய்கிற வாசனை வந்ததும் ஓடினாள்.

ஓடினவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். நீ பொய் சொல்கிறாய், இல்லை நீதான் பொய் சொல்கிறாய். இரண்டு பேர், ஒரே சத்தம், ஒருத்தருக்குக் கேட்டது, இன்னொருத்தருக்குக் கேட்கவில்லை. இதே பேச்சைத்தான் போன சீசனிலிருந்து இந்த வீடு பேசிக்கொண்டிருக்கிறது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

சிவபிரகாஷ் வலது பக்கம் ஒருக்களித்து, அந்தக் காதைத் தலையணையில் புதைத்துப் படுத்தால் பால்காரர் ஹாரனுக்கு எழுந்திருக்க மாட்டார். சோம்பேறித்தனம் என்று எத்தனை நாள் திட்டியிருப்பாள்! இடது பக்கம் படுத்த நாளில் பூனை நடந்தாலும் எழுந்து உட்காருகிற மனுஷன் அல்லவா?

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, நான் ஒண்ணு செய்யறேன். கண்ண மூடிக்கோங்க."

"என்ன வெளையாட்டு இது?"

"மூடுங்கொ, சொல்றேன்."

மூடினார். அவள் பாட்டைப் போட்டு, தன் காதில் ஒருமுறை வைத்துப் பார்த்து, சத்தம் கணீரென்று வருவதை உறுதி செய்துகொண்டாள். தன் இடது உள்ளங்கையால் அவர் வலது காதை இறுக்கப் பொத்தினாள். ஹெட்போனின் ஒரு கிண்ணத்தை மட்டும் அவருடைய இடது காதில் அழுத்தி வைத்தாள். வயலின் அந்தக் கிண்ணத்துக்குள் உருகிக்கொண்டிருப்பது அவள் விரல் நுனிக்கே தெரிந்தது.

அவர் காத்திருந்தார். புன்னகையோடு, நல்ல பிள்ளையாக, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

அவள் கையை எடுத்தாள்.

"என்ன எடுத்துட்டே?" என்றார் கண்ணைத் திறந்து. "பாட்டுப் போடறேன்னுபோட்டுப் போடாமயே ஏமாத்தறியா?"

கோகிலவாணி ஹெட்போனைக் கட்டிலில் வைத்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் என்னவென்று சொல்வது? உங்களுக்கு ஒரு பக்கக் காது இல்லை என்றா? காது இல்லாத டிரில்லரை எந்த வண்டியில் ஏற்றுவார்கள்? லீவரைத் தவிர வேறு எதையும் தொட்டறியாத கை அது. அதைவிட, சொன்ன மறு நிமிஷமே அவருக்கு ஆண்டி ஞாபகம் வந்துவிடும். அதைத் தாங்குவாரா?

"உங்குளுக்கு அந்தப் பக்கக் காதுல ஏதாச்சும் அடைப்பு மாதிரி இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"காதுக்கு என்ன? நீ பேசறது கேக்குது, பல்லி கத்தறது கேக்குது. கோளாறு பொட்டியில. நாளைக்கு வண்டி சேலம் வழியாத்தான் போகுது, தோமினிக் மூஞ்சிலயே விட்டெறிஞ்சுட்டுப் போறேன்."

"டாக்டருகிட்ட ஒருக்கா..."

"பாட்டுப் பொட்டி ரிப்பேருக்கு டாக்டரா?" என்று சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

சாயங்காலம் குருமூர்த்தியின் தோட்டத்துக் களத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ரிக் வண்டி கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தோடு நின்றது. பயணத்துக்கு முன் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று இன்ஜினைப் போட்டுவிட்டிருந்தார்கள். களம் முழுக்க அதன் உறுமல். சிவபிரகாஷ் நாற்காலியில் வண்டிக்கு வலது தோளைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வண்டியில் ஏறப்போகிற ஆட்கள் வரப்போரமாக நின்றார்கள்.

ஆண்டி வந்தார். வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். கூடவே அவர் மனைவி மாரக்காள். அவளுக்கு ஒரே எண்ணம்தான். எப்படியாவது புருஷன் மறுபடி வண்டியில் ஏறிவிட வேண்டும். ராடு மாட்ட முடியாவிட்டாலும் சமையலுக்காவது சேர்த்துக்கொண்டால் போதும். இங்கே வீட்டில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிற மனுஷனைப் பார்க்க அவளால் முடியவில்லை.

குருமூர்த்தி கெட்டவர் அல்ல. ஆனால் நாளைக்கு வண்டி கிளம்பியாக வேண்டும் என்கிற அவசரத்தில் இருந்தார். இன்ஜின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"ஆண்டி, நடந்தது நடந்துபோச்சு. உன்னயப் பகைச்சுக்கோணும்னு எங்குளுக்கு ஒண்ணும் இல்ல. சமையலுக்கு ஆள் வேணும், நீயே வா. ஆனா ஒண்ணு. இந்தப் பசங்க பயப்படறாங்க. நீ கத்துனியா, கத்தலியா? இவுங்க முன்னால சொல்லிப்போடு."

ஆண்டி சிவபிரகாஷைப் பார்த்தார். "டிரில்லரண்ணன் என்ன சொல்றாருங்க?"

சிவபிரகாஷ் முன்னால் குனிந்து உற்றுக் கேட்டார். "நான் சொல்றதுக்கு என்ன ஆண்டி இருக்குது? என் காதுல விழுந்திருந்தா, எங்கைய வெட்டிப்போட்டாலும் லீவரத் தொட்டிருப்பனா? நீயே சொல்லு. நாம எத்தன வருசம் ஒண்ணா நின்னோம்?"

அவர் குரல் உடைந்தது. உண்மையைச் சொல்கிறவருடைய குரல் அது. ஆண்டிக்கும் அது தெரிந்தது. அதனால்தான் அவர் முகம் அப்படிக் குழம்பியது. அன்று தன் வாயிலிருந்து சத்தம் வந்ததா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதோ என்னவோ.

"சொல்லிருங்க" என்றாள் மாரக்காள், மெதுவாக.

ஆண்டி தரையைப் பார்த்தார். துண்டுக்குள் கை நெளிந்தது.

"நான் கத்தலீங்க" என்றார்.

"நல்லாச் சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

"நான் கத்தலீங்க மொதலாளி. மறந்துபோட்டனாட்ட இருக்குதுங்க. தப்பு எம்பேர்லதானுங்க."

வரப்போரம் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஆண்டியின் இடத்துக்கு வந்திருக்கிற புது ஆள் நிம்மதியாகத் தலைத்துண்டை அவிழ்த்து உதறினான். நாளை மறுநாள் அவன்தான் சிவபிரகாஷுக்கு இடது பக்கம் நின்று, "கை!" என்று கத்திவிட்டு, கையை உள்ளே விடப் போகிறான்.

கோகிலவாணி டீத் தட்டோடு அப்போதுதான் களத்துக்கு வந்து, சிவபிரகாஷின் நாற்காலிக்கு இடது பக்கம் நின்றிருந்தாள். வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், அழுதால் மடியில் போட்டுக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் தீர்மானம் பண்ணிக்கொண்டு வந்தவள். ஆண்டி தலை குனிந்து நின்றதைப் பார்த்ததும் அந்தத் தீர்மானம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆண்டியண்ணன் கத்துனாருங்க! அவரு கத்துனாரு. இவருக்குத்தான் அந்தக் காது கேக்கறதில்ல!"

இன்ஜின் உறுமலுக்கு மேலே, தட்டில் டீ சிந்துகிற அளவுக்குக் கத்தினாள்.

குருமூர்த்தி திரும்பினார். மாரக்காள் திரும்பினாள். வரப்போரம் நின்ற ஆட்கள் திரும்பினார்கள். ஆண்டி தலையைத் தூக்கினார்.

சிவபிரகாஷ் மட்டும் திரும்பவில்லை. ஆண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதம் தூக்கிச் சுமந்த பாரம் இறங்கிய முகத்தோடு, மன்னித்துவிட்டவரைப் போல லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு கோகிலவாணி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். களத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புது ஆள் தன் கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

எல்லோருடைய கண்ணும் தன்னைத் தாண்டி எங்கேயோ நிற்பதைச் சிவபிரகாஷ் அப்புறம்தான் கண்டார். சிரிப்பு குழம்பியது. அவர்கள் பார்க்கிற திசை தெரியாமல் முதலில் வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே வண்டிதான் நின்றது.

"என்னாச்சு?" என்றார். "யாராச்சும் கூப்புட்டீங்களா?"